இலை கொட்டும் மாதத்தில் எடுத்த படம்

ரப்பர் லயம், கச்சால் தீவு, நிக்கோபார்
4.9.2025

பெங்களூரில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் எங்கள் பெண் டாக்டர் ஜெயராணி அவர்களுக்கு, லயத்து நாற்பத்து மூன்று குடும்பத்தாரும் ஒன்றாகச் சேர்ந்து எழுதிக்கொள்வது.

தங்களுக்கும் தங்கள் வேலைக்கும் முருகன் துணையிருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை. கப்பல் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாளைக்கு வரும் என்கிறார்கள், வந்தால் இந்தக் கடிதமும் ஏறிவிடும்.

எங்களுக்குப் போன மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. நாங்கள் ரப்பர் பால் வெட்டும் நான்கு பிளாக்கும் ‘கைவிடப்பட்ட நிலம்’ என்றும், எங்கள் லயம் ‘ஆள் இல்லாத குடியிருப்பு’ என்றும் ஓர் ஆராய்ச்சி ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதாம். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து மேப் போட்டிருக்கிறார்கள். ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் எதற்கு என்று, நிலத்தை வேறு ஏதோ திட்டத்துக்கு எடுத்துக்கொண்டு எங்கள் பேரை வெட்டிவிடப் போகிறார்கள். எங்களை மெயின்லேண்டில் கொண்டுபோய் விடுவார்களாம். மெயின்லேண்டில் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த மாதம் 26ஆம் தேதி கமோர்ட்டாவில் விசாரணை. எங்கள் பேச்சு அங்கே எடுபடாது என்று இப்போதே தெரிந்துவிட்டது. தாங்கள் காடும் தோட்டமும் வயலும் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகின்றன என்று படித்துப் பட்டம் வாங்கியவர். இந்த மேப்பைப் போட்டவர் ரப்பர் மரத்தை ஆயுசில் பார்த்திராத யாரோ ஒருவர். அவருக்குத் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய ஒச்சம்மா அத்தை கும்பிட்டுக் கேட்பதாக எழுதச் சொல்கிறார்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
லயத்து மக்கள் (கையெழுத்துகளும் கைரேகைகளும் பின்பக்கத்தில்)


அதே உறையில், தனித் தாளில்

அன்புள்ள ஜெயராணி பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இதை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

முதல் கடிதத்தில் உன்னைத் ‘தாங்கள்’ என்று போட்டதைப் பார்த்துச் சிரித்திருப்பாய். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நடுவில் என்னை உட்கார வைத்து, சுற்றி நாற்பது பேர் நின்று எழுத வைத்தார்கள். அன்புள்ள பாப்பா என்று ஆரம்பித்தேன். பெரிய ஆபீசரம்மாவ பாப்பா கீப்பான்னு எழுதுனா மருவாதியா இருக்குமா அண்ணே என்று ஒச்சம்மா பேனாவையே பிடித்துவிட்டாள். முத்துராஜ், டாக்டர்தானே, என் முழங்கால் வலிக்கும் ஒரு வரி போட்டு விடுங்க மாமா என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நோட்டீஸ் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்கள். உன் பேரைச் சொன்னதும் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி அவர்களுக்கு ஒரு நிம்மதி. எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஏனென்றால் அந்த மேப்பைப் போட்டது நீதான்.

ரிப்போர்ட்டின் நகலை எனக்குக் கொடுத்தவர் கமோர்ட்டா ஆபீஸ் கிளார்க் பாலகுமார் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். என்னை உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அண்ணே, இதப் போட்டவங்க பேரு டாக்டர் ஏ. ஜெயராணின்னு இருக்கே, நம்ம பாப்பாவா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க ஆளுகள்ல அந்தப் பேரு நெறைய சார், லயத்துக்கு மூணு ஜெயராணி இருக்கு என்றேன். என் வாயால் உன்னை இல்லை என்று சொன்னேன். திரும்பி வரும் படகில் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

லயத்தில் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டும்போது கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டேன். அந்தத் தாளை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது.

பாப்பா, எனக்கு உன் படிப்பு புரியாது என்று நினைக்காதே. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ இங்கே வந்து மூன்று நாள் இருந்தாயே, அப்போது லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். பச்சை என்றால் காடு, மஞ்சள் என்றால் கைவிட்ட நிலம், சிவப்பு என்றால் வீடு என்றாய். முதல் வேலையில் அந்தமான் பாராடாங்கில் ஃபெர்ரிக்குக் காத்து நின்று, காடாக இருந்தது எங்கே பாக்குத் தோட்டமாயிற்று, பாக்கு எங்கே கடையாயிற்று என்று அடி அடியாக நடந்து எழுதியதைச் சொன்னாய். கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. உன் அம்மா அதைப் பார்த்து அழுதாள், நான் பெருமைப்பட்டேன். லாங் ஐலண்டில் அலையாத்திக் காட்டை அழித்துவிட்டு ஏதோ கட்டப் பார்த்தபோது, அது காலி இடம் இல்லை, மீன் குஞ்சு பொரிக்கும் இடம் என்று நீ எழுதிக் கொடுத்தாய். அதனால் அந்தத் திட்டமே நின்றது. பேப்பரில் வந்த அந்தத் துண்டை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து வரும் ஆட்களிடமெல்லாம் என் மகள் அலையாத்திக்காரி என்று பீற்றிக்கொண்டவன் நான்.

அப்படிப்பட்ட நீ, பிப்ரவரி மாதம் எடுத்த படத்தை வைத்து எங்கள் பிளாக்கை மஞ்சளாக்கி இருக்கிறாய். மற்ற மாதமெல்லாம் இந்தத் தீவை மேகம் மூடிக்கொள்ளும், மாசி பக்கம்தான் வானம் திறக்கும் என்று நீதான் சொன்னாய். சரி. மாசியில் ரப்பர் மரம் எப்படி இருக்கும் பாப்பா? மொட்டை. ஒரு இலை இருக்காது. இலை கொட்டுகிற மாதம். மரத்துக்கு ஓய்வு கொடுத்துக் கத்தியைக் கழுவிக் கூரை இறவாணத்தில் செருகி வைக்கிற மாதம். பெங்களூரில் பிறந்த பெண்ணுக்கு இது தெரியாது. டெல்லியில் பிறந்த ஆபீசருக்குத் தெரியாது. காய்ந்த இலையைக் குவித்து அதில் குதித்து விளையாடி முதுகெல்லாம் சொறி வாங்கிய உனக்குமா தெரியாது? உயிரோடு நிற்கிற மரத்தைச் செத்த மரம் என்று எழுதியிருக்கிறாயே!

கோபம் வந்தால் என் எழுத்து பெரிசாகிவிடும். பொறுத்துக்கொள்.

மரத்தையாவது வானத்திலிருந்து பார்த்ததால் தப்பு வந்தது என்று என் மனசைச் சமாதானப்படுத்தலாம். லயத்தைத் தரையில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். நீ வரவில்லை. சொந்த ஊரை நீயே ஆய்வு செய்யக் கூடாது என்று விதி இருப்பதாக முன்பொரு தடவை போனில் சொன்னாய். அதனால் கௌதம் என்ற பையனை அனுப்பியிருக்கிறாய். அவன் வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். எல்லா வீடும் பூட்டு. படம் எடுத்துக்கொண்டு, ‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். படத்தின் கீழே தேதி போட்டிருக்கிறது: 19 பிப்ரவரி 2024.

அன்றைக்கு மீனாவுக்குக் கல்யாணம்.

உன் தங்கை கல்யாணம்தான், பாப்பா. வெளிநாட்டில் மாநாடு என்று நீ வராத கல்யாணம். இலை கொட்டும் மாதத்தில்தான் இங்கே கல்யாணம் வைப்போம், அப்போதுதான் எல்லாருக்கும் கை ஓய்வு. லயத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் மற்ற வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். கைக்குழந்தை முதற்கொண்டு எல்லாரும் இரண்டு படகு பிடித்துக் கமோர்ட்டாவுக்குப் போய்விட்டோம். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினோம். அந்த மூன்று நாளில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, இங்கே யாருமே இல்லை என்று எழுதிவிட்டான்.

ஜெராக்ஸில் கறுப்பாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் அந்த வாசலை எனக்குத் தெரியாதா? படத்தில் முதலில் இருப்பது நம் வீடு. நிலைப்படியில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருக்கிறது. கைவிட்டுப் போன வீட்டில் வாழைமரம் கட்டியது யார், பேயா?

அந்தப் பையனுக்கு நம் வீடு தெரியாது. அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. உன்னை ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாயா, பார்த்துவிட்டுப் போட்டாயா? வேண்டாம், பதில் எழுதாதே. எது உண்மையாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

படத்தை உன் அம்மாவிடம் காட்டிப் பார்த்தேன். கண்ணருகில் வைத்துப் பார்த்தவள் முகமெல்லாம் சிரிப்பாகி, அட, நம்ம மீனா கல்யாணத்துக்கு வாசலக்கூட யாரோ புடிச்சிருக்காகளே, ஒரு காப்பி கேட்டு வாங்குங்க, மாட்டி வைப்போம் என்றாள். நான் சரி என்றேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். நீ இந்த நாட்டான் இல்லை என்று சொல்லிக் கப்பல் ஏற்றினார்கள். மண்டபம் முகாமில் கிடந்தோம். அங்கிருந்து இன்னொரு கப்பல், இந்தத் தீவு. சுனாமியில் கீழ் லயம் மொத்தமும் போய், மேலே வந்து மறுபடியும் அடுப்புக் கல் வைத்தோம். ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு ஆபீசில் யாரோ தெரியாத ஆள் போட்ட கையெழுத்தில்தான் எங்கள் மூட்டை கட்டப்பட்டது. அதைக்கூட விதி என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை கையெழுத்து என் மகளுடையது. இதை எப்படி நான் விதி என்று விடுவேன்?

விசாரணை ஆபீசரை முன்கூட்டியே ஒரு தடவை போய்ப் பார்த்தோம். ரேஷன் அட்டையைக் காட்டினோம், பால் வெட்டுப் புத்தகத்தைக் காட்டினோம். நக்ஷே மே ஜோ ஹை, வஹி ஹை என்றார். மேப்பில் இருப்பதுதான் இருப்பு. பாலகுமார் சார் விடாமல் கெஞ்சிக் கேட்டதற்கு, மேப் போட்டவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா மறுபடி ஆளனுப்பிப் பார்ப்போம், வேற வழியில்ல என்றாராம்.

ஆக, எங்களைக் காப்பாற்றக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். லயத்து ஜனம் விவரம் தெரியாமல் சரியான ஆளுக்குத்தான் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறது. ஒரு தாள் போதும். படம் இலை கொட்டும் மாதத்தில் எடுத்தது, ஆள் போன நாளில் ஜனங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதி உன் கையெழுத்தைப் போடு. 26ஆம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும். போன் நீ எடுப்பதில்லை, இங்கே டவரும் இருப்பதில்லை. பாலகுமார் சாரின் நம்பரை அடியில் எழுதியிருக்கிறேன், அவர் போனுக்கு அனுப்பினால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
அழகையா


கமோர்ட்டா, கோயில் மண்டபம்
25.9.2025, மாலை நான்கு மணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை பாலகுமார் சார் போட்டோ எடுத்துப் போனில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கே உனக்குக் கிடைத்துவிடும்.

உன் பதில் திங்கட்கிழமை அவர் போனுக்கு வந்தது. அன்றைக்கு நான் படகில் அவர் ஆபீசுக்கு வந்திருந்தேன். தாளில் அச்செடுத்து, மடித்து, என் கையில் கொடுத்தார். அவர் படித்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். மூன்று ஜெயராணிக் கதை அத்தோடு முடிந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

தப்பு நடந்தது நிஜம்தான் என்று எழுதியிருக்கிறாய். அதை மறைக்காமல் ஒத்துக்கொண்டதற்கு என் வயிறு குளிர்ந்தது. அதற்குப் பிறகு நீ எழுதியதைத்தான் இந்த மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். இப்போது ஒத்துக்கொண்டால் பன்னிரண்டு வருஷ உழைப்பும் போய்விடும், நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் என்று ஆனால் நீ இதுவரை போட்ட மேப் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள், லாங் ஐலண்ட் அலையாத்திக் காட்டைக்கூட மறுபடி கிளப்பிவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது சாக்கு இல்லை, நியாயமான பயம்தான். அப்பனுக்கு அது புரியாமல் இல்லை. உன்னிடம் கேட்பது சின்னக் காரியம் இல்லை என்றும் தெரியும். நீ பட்ட பாடு முழுவதையும் பணயம் வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

நீங்களும் அம்மாவும் மட்டும் இங்கே வந்துவிடுங்கள், வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று எழுதினாயே, அங்கேதான் என்னால் தாண்ட முடியவில்லை. உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது, நீ கூப்பிடுகிறாய் என்பது மட்டும் தெரியும். ஒச்சம்மாவுக்கும் ஒரு எடம் கேளுங்க, அவளுக்கு யாரு இருக்கா என்றாள். ஒச்சம்மாவுக்கு ஒரு இடம் கேட்டால் முத்துராஜுக்குக் கேட்பாள். உன் ஒரு அறையில் நாற்பத்து மூன்று குடும்பத்தை வைக்க முடியுமா பாப்பா? நாங்கள் வரவில்லை.

இன்றைக்குக் காலையில் எல்லாரும் படகில் வந்து சேர்ந்தோம். மீனாவின் மாமியார் வீட்டில்தான் அனைவருக்கும் சோறு. மீனா ஐந்து மாதம். அக்கா வர்றாளா அப்பா என்று கேட்டாள், கப்பல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை பொய் சொல்வேன்?

நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. லயத்தின் சார்பில் ஒரே ஒருத்தர்தான் பேசலாமாம். என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வாய் இருக்கிறது என்பதற்காக இல்லை, ஜெயராணியின் அப்பன் என்பதற்காக. ஒச்சம்மா தன் பழைய கண்ணாடியைத் துடைத்து, நாளைக்கு நல்லா பாத்து வாசிங்கண்ணே என்று என் கையில் திணித்திருக்கிறாள். அந்தக் கண்ணாடியோடுதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். வேறு காரணமும் உண்டு, அதை எழுதமாட்டேன்.

நான் முடிவெடுத்துவிட்டேன். நாளைக்கு ரிப்போர்ட்டை முதலிலிருந்து வாசிப்பேன். ஒவ்வொரு இடத்திலும் எது தப்பு என்று சொல்வேன். ஆபீசர் வழக்கம்போல, மேப் போட்டவர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்பார். அப்போது என் சட்டைப் பையிலிருக்கும் தாளை எடுக்க வேண்டும். இதைப் போட்டவள் என் மகள், ரப்பர் மரத்தடியில் பிறந்தவள், இது தப்பென்று அவளுக்குத் தெரியும், எனக்கு அவளே எழுதியிருக்கிறாள் என்று சொல்லி, உன் கடிதத்தையும் சேர்த்து மேசையில் வைக்க வேண்டும். நாற்பத்து மூன்று குடும்பத்துக்கு அதை விட்டால் வழி இல்லை. அதைச் செய்த பிறகு எந்த முகத்தோடு உன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. செய்யாமல் திரும்பினால் எந்த முகத்தோடு படகில் ஏறுவேன் என்றும் தெரியவில்லை.

பாலகுமார் சார் காலை எட்டு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். நீயே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், தப்பு பண்ணினாள், தானே ஒத்துக்கொண்டாள் என்று ஜனம் சொல்லும். உன்னை மறுபடி தூக்கி வைத்துக் கொண்டாடும், நம் ஆட்களை உனக்குத் தெரியாதா? நான் சொன்னால், அப்பனே காட்டிக்கொடுத்த பெண் என்றாகிவிடும். அந்தப் பேரை உனக்கு வாங்கிக் கொடுப்பதற்கா உன்னை ஹாஸ்டலுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினேன்?

உன் வேலை போனால் போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். போகக் கூடாது. முருகனும் மாரியாத்தாளும் உன் பக்கம் நிற்க வேண்டும். நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் நீ. ஆனால் பதினொரு மணிக்கு முன்னால் பேசிவிடு, என் தாயே. அந்தக் கடைசிப் பக்கத்தை என் வாயால் படிக்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
என்றைக்கும் உன் அப்பா,
அழகையா